ஊர்க் காசில் ஊதிய பித்தளை: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலும் சுரங்க ஊர்களிலும் தொழிலாளர்கள் தாங்களே அமைத்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடத்திவரும் பித்தளை வாத்தியக் குழுக்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கி, ஒத்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: இந்தக் குழுக்கள் இராணுவ பேண்டு வாத்தியத்திலிருந்து வந்தவைதாமே? முதல் ஊர்க் குழு எப்போது தோன்றியது?

பதில்: பாதி உண்மை. நெப்போலியனோடு நடந்த போர்களின்போது பிரிட்டனில் உள்ளூர்க் காவற்படைகள் பல திரட்டப்பட்டன. அவற்றில் பலவற்றுக்குச் சொந்த வாத்தியக் குழுக்களும் இருந்தன. 1815-இல் போர் ஓய்ந்து படைகள் கலைந்தபோது, வாசிக்கத் தெரிந்த ஆட்கள் ஊர் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் திரும்பிய ஊர்கள் இசையறியாத ஊர்கள் அல்ல. தேவாலய மாடத்தில் பாடகர்களுக்குத் துணையாகக் குழலும் வயலினும் வாசித்தவர்கள் அங்கே முன்பே இருந்தார்கள். திருவிழாக்களில் ஊர்வலத்துக்கு முன்னால் வாசித்துச் சென்றவர்களும் இருந்தார்கள். இந்த ஓடைகள் எல்லாம் கலந்துதான் ஊர்க் குழு உருவானது.

‘முதல் குழு எது’ என்பதில் இன்றுவரை ஊருக்கு ஊர் வழக்கு உண்டு. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டேலிபிரிட்ஜ் ஓல்டு பேண்டு தன் தொடக்கத்தை 1809 என்று சொல்லிக்கொள்கிறது. பெஸ்ஸஸ் ஓ தி பார்ன் குழு 1818 என்கிறது. ஆனால் அந்தக் காலத்துக் குழுக்களை இன்று கேட்க நேர்ந்தால் பித்தளைக் குழு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கிளாரினெட்டும் பஸ்ஸூனும் புல்லாங்குழலும் அவற்றில் இருந்தன. கீழ்ஸ்தாயிக்கு, மரத்தைக் குடைந்து தோலால் போர்த்து, பாம்பைப் போல வளைத்துச் செய்த ‘செர்ப்பென்ட்’ என்ற வாத்தியம் இருந்தது. 1810-இல் டப்ளினில் ஜோசஃப் ஹாலிடே என்ற காவற்படை இசைத் தலைவர், பியூகிள் என்ற சாதாரண ஊதுகொம்பில் துளையிட்டுச் சாவிகள் பொருத்திக் காப்புரிமை பெற்றார். ஒரு பியூகிள் முழு மெட்டையும் வாசிக்க முடிந்தது அதன் பிறகுதான். பித்தளை மட்டுமே கொண்ட குழுக்கள் 1830-களில்தான் தலைகாட்டுகின்றன.

கேள்வி: ஏன் பித்தளை மட்டும்? குழலையும் கிளாரினெட்டையும் ஏன் கைவிட்டார்கள்?

பதில்: இந்த வரலாற்றின் திருகாணி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது; சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

வளைத்த ஒரு வெற்றுக் குழாயில் உதட்டை அதிரவிட்டு ஊதினால், இயல்பாகவே அதில் பிறக்கும் சில சுரங்கள் மட்டும்தான் வரும். இடையில் பெரிய இடைவெளிகள் இருக்கும். போர்க்களத்துப் பியூகிள் அழைப்புகள் எல்லாம் அந்தச் சில சுரங்களுக்குள்ளேயே சுற்றிவருவதன் காரணம் இதுதான். 1818-இல் ஹைன்ரிக் ஷ்டோல்ட்ஸல், ஃபிரீட்ரிக் புளூமல் என்ற இருவர் பிரஷியாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். விரலால் வால்வை அழுத்தினால் காற்று கூடுதலான ஒரு குழாய்த் துண்டின் வழியாகச் சுற்றிவரும். குழாயின் நீளம் கூடியதால் சுரம் தாழும். பிற்காலத்தில் நிலைபெற்ற அமைப்பில் முதல் வால்வு ஒரு முழுச் சுரமும், இரண்டாவது அரைச் சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். இந்த மூன்றைச் சேர்த்தும் பிரித்தும் அழுத்தினால் இடைவெளிகள் எல்லாம் நிரம்பிவிடும். கிளாரினெட்டில் பத்து விரல்களும் வேலை செய்யவேண்டும். இங்கே வலக்கையின் மூன்று விரல்கள் போதும். நாள் முழுவதும் தறியிலும் சம்மட்டியிலும் உழைத்துக் காய்த்துப்போன கைகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று விளக்க வேண்டியதில்லை.

1840-களில், பெல்ஜியத்தில் பிறந்து பாரிசில் தொழில் நடத்திய அடால்ஃப் சாக்ஸ், உச்சஸ்தாயி முதல் அடிஸ்தாயி வரை ஒரே குடும்பமாக அமைந்த ‘சாக்ஸ்ஹார்ன்’ வரிசையைச் செய்தார். (சாக்ஸஃபோனும் அவர் செய்ததே, ஆனால் அதற்கு இந்தக் குழுக்களில் இடமில்லை.) ஜான் டிஸ்டின் என்ற ஆங்கிலேயக் கலைஞரும் அவருடைய மகன்களும் பாரிசில் அவற்றை வாங்கிவந்து, ஊர் ஊராகக் கச்சேரி செய்து, இங்கிலாந்தில் விற்கவும் தொடங்கினார்கள். கேட்டவர்கள் மயங்கியது ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு குழுவை நடத்துபவர்கள் கண்டுகொண்டது வேறொன்று. இன்று நிலைபெற்றிருக்கும் முறையில், உச்சியில் ஒலிக்கும் சொப்ரானோ கார்னெட் (டிரம்பெட்டைப் போன்ற சிறு வாத்தியம்) முதல் மடியில் வைத்து ஊதும் பெரிய பேஸ் வரை, பேஸ் டிராம்போன் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் இசைக்குறிப்பு ஒரே ட்ரெபிள் கிளெஃபில்தான் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் தொடக்கக் குறி) எழுதப்படுகிறது. தாளில் இன்ன கோட்டில் இன்ன புள்ளி இருந்தால் இன்ன வால்வு என்பது, வால்வுக்குப் பதில் இழுகுழாய் கொண்ட டிராம்போன்களை விட்டுவிட்டால், எல்லா வாத்தியங்களுக்கும் பொது. ஆகவே யூபோனியம் என்ற தாழ்ஸ்தாயி வாத்தியத்தை வாசிப்பவர் வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விட்டால், கடைசி வரிசையில் கார்னெட் வாசிக்கும் பையனை அந்த நாற்காலியில் உட்காரவைக்கலாம். அவன் உதட்டைப் பழக்கினால் போதும், எழுத்தை மறுபடியும் கற்க வேண்டாம். ஆள் குறைந்தால் குழு கலைந்துவிடும் என்ற அச்சம் நிரந்தரமாக இருந்த ஊர்களில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

இன்றைய முழுக் குழுவில் பித்தளை வாசிப்பவர்கள் 25 பேர்: கார்னெட் 10, ஃப்ளூகல்ஹார்ன் 1, டெனர் ஹார்ன் 3, பாரிட்டோன் 2, யூபோனியம் 2, டிராம்போன் 3, பேஸ் 4. தாள வாத்தியக்காரர்கள் இவர்களுக்கு மேல். டிரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும் இதில் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவை இல்லாததால்தான் இந்தக் குழுவின் நாதத்தில் கூர்மை குறைந்து, குழைவு கூடியிருக்கிறது.

கேள்வி: தொழிலாளர்களுக்கு இந்த வாத்தியங்களை எல்லாம் வாங்கித் தந்தவர்கள் ஆலை முதலாளிகள்தான் என்று படித்திருக்கிறேன். அவர்களுடைய கொடை இல்லாவிட்டால் இந்த இயக்கமே இருந்திருக்காது அல்லவா?

பதில்: இந்தக் கதை மிகவும் பரவியிருக்கிறது. பெயர்களும் அதற்குச் சாதகமாகவே இருக்கின்றன: பிளாக் டைக் மில்ஸ், மெல்தம் மில்ஸ், ஃபோடன்ஸ் மோட்டார் வொர்க்ஸ். நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய குழுக்களே போட்டிகளில் வென்று, படங்களில் இடம்பெற்று, நினைவில் நின்றன. முதலாளிகள் செய்ததை நாம் மறுக்கவில்லை. யார்க்‌ஷயரின் குவீன்ஸ்பரியில் கம்பளி ஆலை நடத்திய ஜான் ஃபாஸ்டர், இளமையில் தாமே ஓர் ஊர்க் குழுவில் ஹார்ன் வாசித்தவர். நொடித்துக்கொண்டிருந்த அந்த ஊர் வாத்தியக் கூட்டத்தை 1855-இல் ஆலையின் குழுவாக நிலைநிறுத்தி, ஒத்திகைக்கு இடமும் வாத்தியமும் சீருடையும் தந்தார். வேல்ஸில் மெர்தர் டிட்ஃபிலின் இரும்பாலை அதிபர் ராபர்ட் தாம்ப்சன் கிராஷே, கவார்த்வா என்ற தம் சொந்தக் குழுவுக்குத் தேர்ந்த வாத்தியக்காரர்களை வெளியூர்களிலிருந்து வரவழைத்து, ஆலையில் வேலையும் கொடுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால் இவை விதிவிலக்குகள். பெரும்பாலான குழுக்கள் பிறந்த விதம் வேறு. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரு பள்ளி அறையிலோ மதுக்கடையின் மாடியிலோ கூடிப் பேசி, ஒரு செயலாளரையும் ஒரு பொருளாளரையும் தேர்ந்தெடுப்பார்கள். வாத்திய வியாபாரிக்குக் கடிதம் போகும். முழுத் தொகுதியின் விலை தனியொரு தொழிலாளியால் எண்ணிப் பார்க்கவும் முடியாத தொகை. ஆகவே தவணை முறையில் வாங்குவார்கள். ஊரில் பெயருள்ள கடைக்காரர்கள் சிலர் ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள். அதன்பின் தவணை கட்டி முடியும்வரை குழுவின் வாழ்க்கையே வசூல்தான்: வீடுவீடாகச் சந்தா, தேநீர் விருந்து, நடன நிகழ்ச்சி, கைவினைச் சந்தை, கிறிஸ்துமஸ் காலத்தில் உறைபனியில் தெருத்தெருவாகப் போய்க் கீர்த்தனை வாசித்து உண்டியல் குலுக்குவது. கிறிஸ்துமஸ் வசூல்தான் பல குழுக்களுக்கு ஆண்டின் பெரிய வரவு. ஒத்திகைக்குத் தாமதமாக வந்தவரிடமும், குடித்துவிட்டு வந்தவரிடமும் வசூலித்த அபராதமும் கணக்கில் வரும். 1859-இல் தன்னார்வத் துப்பாக்கிப் படைகள் அமைக்கப்பட்டபோது பல ஊர்க் குழுக்கள் கூட்டமாகப் போய் அவற்றில் சேர்ந்துகொண்டன. தேசபக்தி இருந்திருக்கலாம், சீருடையும் கொஞ்சம் பணமும் கிடைத்தன என்பதும் உண்மை.

சுரங்க ஊர்களில் ஏற்பாடு இன்னும் நேரானது. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்தே வாரந்தோறும் ஒரு சிறு தொகையைக் குழுவுக்காகப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். வாசிக்காதவர்களும் கொடுத்தார்கள். ஆகவே ‘சுரங்கத்தின் குழு’ என்று பெயர்ப்பலகை சொன்னாலும், குழுவை வளர்த்தது பெரும்பாலும் சுரங்கத்தில் இறங்கியவர்களின் காசு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வாத்தியம் வாசிப்பவருக்குச் சொந்தம் அல்ல, குழுவுக்குச் சொந்தம். விலகிப் போகிறவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இதனால் வசதியில்லாத வீட்டுப் பையனும் வாத்தியத்தைக் கையில் வாங்க முடிந்தது. பாடம் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்தவர், கட்டணம் கிடையாது. முதலாளியின் கொடையைவிட இந்த ஏற்பாடுதான் இயக்கத்தைத் தாங்கிய தூண் என்பது நம் கருத்து. கொடை ஒன்றையே நம்பிய குழுக்கள், கொடுத்தவர் கையை மடக்கியதும் தடுமாறின. 1881 முதல் பெயர் தாங்கிவரும் பிரிக்ஹவுஸ் அண்ட் ராஸ்ட்ரிக் குழுவோ பொதுமக்கள் சந்தாவில் வளர்ந்தது. எந்த ஆலையும் அதற்கு உரிமையாளர் அல்ல. 1977-இல் அது வாசித்த ‘ஃப்ளோரல் டான்ஸ்’ இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பால் மெக்கார்ட்னியின் பாட்டு. அதே மெக்கார்ட்னி 1968-இல் பிளாக் டைக் குழுவைக் கொண்டு ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தவர் என்பது இடையில் சொல்லத்தக்க வேடிக்கை.

கேள்வி: வேலை முடிந்த களைப்பில் இவர்களுக்கு நேரம் எங்கிருந்து வந்தது?

பதில்: சட்டத்திலிருந்து வந்தது. 1847-இன் பத்து மணிநேரச் சட்டமும், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணிக்கு முடிக்கச் சொன்ன 1850-இன் தொழிற்சாலைச் சட்டமும் நடைமுறையில் ஆண்களுக்கும் ஓய்வு தந்தன. பாதிப் பேர் போய்விட்ட ஆலையை மீதிப் பேரை வைத்து ஓட்ட முடியாது. சனிக்கிழமைப் பிற்பகல் என்று ஒன்று கிடைத்த பிறகே ஒத்திகையும் போட்டியும் சாத்தியமாயின.

கேள்வி: இந்தக் குழுக்களின் வரலாற்றில் எங்கு பார்த்தாலும் போட்டி, போட்டி என்றே வருகிறது. இசைக்கு இவ்வளவு போட்டி தேவைதானா?

பதில்: தேவையா என்பது தனிக் கேள்வி, போட்டி இல்லாவிட்டால் இன்று இந்தக் குழுக்கள் இருக்கும் வடிவில் இருந்திருக்கமாட்டா.

1845-இல் ஹல் நகருக்கு அருகில் பர்ட்டன் கான்ஸ்டபிள் என்ற பெருமாளிகையின் விழாவில் ஒரு சிறு போட்டி நடந்தது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர் எண்டர்பி ஜாக்சன் என்ற இளைஞர். மெழுகுவர்த்தி வியாபாரியின் மகன். அவருக்கு இசையறிவோடு வியாபார மூளையும் இருந்தது. 1853 செப்டம்பரில் மான்செஸ்டரின் பெல் வியூ கேளிக்கைத் தோட்டத்தில் பித்தளைக் குழுக்களுக்கென்று ஒரு போட்டி நடத்தப்பட்டது. எட்டுக் குழுக்கள் கலந்துகொண்டன. வென்றது மாஸ்லி டெம்பரன்ஸ் சாக்ஸ்ஹார்ன் பேண்டு. பெயரிலேயே சாக்ஸ்ஹார்ன் இருக்கும் ஒரு குழு முதல் பரிசைத் தட்டிச் சென்றதைவிட நல்ல விளம்பரம் அந்த வாத்தியத்துக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த சில ஆண்டுகளில் பழைய சாவி வைத்த பியூகிள்கள் மூலையில் போடப்பட்டன. அந்தப் போட்டிதான் இன்றும் பிரிட்டிஷ் ஓப்பன் என்ற பெயரில் நடக்கிறது.

1860 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஜாக்சன் நடத்திய போட்டி இதைவிடப் பெரியது. வடக்கிலுள்ள ஆலை ஊர்களிலிருந்து குழுக்களையும் அவற்றின் ஆதரவாளர்களையும் லண்டன்வரை கொண்டுவர ரயில் கம்பெனிகளோடு பேரம் பேசிச் சலுகைக் கட்டணச் சிறப்பு ரயில்களை ஏற்பாடு செய்தவர் அவர். பிளாக் டைக் அங்கே வெற்றி பெற்றது. போட்டியிட்டவர்கள் எல்லாம் சேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்களாக ஒரே நேரத்தில் முழங்கினார்கள். வாழ்நாளில் முதன்முறையாகத் தலைநகரைப் பார்த்தவர்கள் அந்த ரயில்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். 1900-இல் ஜான் ஹென்றி ஐல்ஸ் அதே மண்டபத்தில் தேசியப் போட்டியைத் தொடங்கினார். 1936 நவம்பர் 30 அன்று கிரிஸ்டல் பேலஸ் எரிந்து சாம்பலான பிறகு அப்போட்டி இடம் மாறி, 1945 முதல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்துவருகிறது.

நடுவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அவர்கள் துணிக் கூடாரத்துக்குள்ளோ திரையிட்ட பெட்டிக்குள்ளோ உட்கார்ந்திருப்பார்கள். யார் வாசிக்கிறார்கள் என்று பார்க்க முடியாது. வாசிக்கும் வரிசை அன்றன்று சீட்டுக் குலுக்கி முடிவாகும். உள்ளிருந்து ஓர் ஊதல் சத்தம் வந்தால் ‘தயார், தொடங்கலாம்’ என்று பொருள். இவ்வளவு மறைப்பு ஏன் என்றால், பரிசுப் பணத்தையும் ஊர் மானத்தையும் பணயம் வைத்து வந்தவர்கள் நடுவரை எளிதில் நம்புவதில்லை. போட்டி நாளுக்காக மட்டும் வேறு குழுவிலிருந்து நல்ல கார்னெட்காரரை இரவல் வாங்கிவருவதும் சகஜமாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் பிற்காலத்தில் ஒவ்வொரு வாசிப்பாளரும் இன்ன குழுவைச் சேர்ந்தவர் என்று பதிவு செய்யும் விதி வந்தது.

போட்டி தந்த நன்மை ஒன்று உண்டு. 1870-களிலும் 1880-களிலும் ஜான் கிளாட்னி, எட்வின் ஸ்விஃப்ட், அலெக்சாண்டர் ஓவன் என்ற மூன்று இசைத் தலைவர்கள் பல குழுக்களைப் பயிற்றுவித்து வெற்றிமேல் வெற்றி பெற்றார்கள். கிளாட்னி, மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தவர். அவர் பயிற்றிய மெல்தம் மில்ஸ் 1876, 1877, 1878 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பெல் வியூவில் வென்றது. வென்றவர்களின் வாத்திய அமைப்பையே மற்றவர்களும் பின்பற்றினார்கள். மேலே நாம் கொடுத்த 25 பேர் பட்டியல் அடிப்படையில் அப்படி உருவானதுதான். அரசாங்கமோ கல்விக்கழகமோ வகுத்துக் கொடுத்தது அல்ல.

கேள்வி: ‘டெம்பரன்ஸ்’ என்றால் மதுவிலக்கு அல்லவா? மதுக்கடை மாடியில் ஒத்திகை என்றும் சொல்கிறீர்கள். சால்வேஷன் ஆர்மியின் குழுக்கள் இவற்றோடு சேர்ந்தவையா?

பதில்: முரண்பாடு உண்மைதான். உழைப்பாளிகளைக் குடியிலிருந்து மீட்க இசை உதவும் என்று நம்பிய மதுவிலக்குச் சங்கங்கள் குழுக்களை அமைத்தன. ஊதி ஊதித் தொண்டை வறண்டவர்கள் எங்கே போனார்கள் என்பதை அந்தச் சங்கங்கள் தங்கள் அறிக்கைகளில் அதிகம் எழுதவில்லை.

சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பின் குழுக்கள் தனிக் குடும்பம். 1878-இல் சால்ஸ்பரி நகரில் சார்லஸ் ஃபிரை என்ற கட்டடக்காரரும் அவருடைய மூன்று மகன்களும், தெருப் பிரசங்கத்தைக் குலைக்க வந்த முரடர்களிடமிருந்து ஊழியர்களுக்குத் துணையாக நின்றார்கள். கையோடு வாத்தியங்களையும் கொண்டுவந்தார்கள். அந்த நால்வர்தான் முதல் குழு. வாத்தியங்கள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் போட்டியில் அவர்கள் கலந்துகொள்வதில்லை, தங்களுக்கென்று அச்சிட்ட இசையையே வாசித்தார்கள்.

கேள்வி: எந்த வகை இசையை வாசித்தார்கள்? ஊர்வல மெட்டுகள் மட்டும்தானா?

பதில்: ஊர்வல மெட்டும் தேவாலயக் கீர்த்தனையும் அன்றாடச் சோறு. போட்டி மேடையில் வாசித்ததோ இசைநாடகங்களிலிருந்து தொகுத்த நீண்ட பகுதிகள்: இத்தாலியர்களான ரோசினி, டோனிசெட்டி, வெர்டி, பிறகு ஜெர்மானியரான வாக்னர். நாடக அரங்குக்குள் காலெடுத்து வைக்காத லங்காஷயர் நெசவாளர்கள் வெர்டியின் மெட்டுகளைப் பூங்கா மேடையில் கேட்டு, முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். இசைத்தட்டு வருவதற்கு முன்பு அந்த இசையை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுசேர்த்ததில் இந்தக் குழுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இசை வரலாற்று நூல்கள் இதற்கு உரிய இடம் தருவதில்லை என்ற குறை நமக்கு உண்டு.

இவர்களுக்கென்றே புதிதாக இசை எழுதும் வழக்கம் தாமதமாகத்தான் வந்தது. 1913-ஆம் ஆண்டின் தேசியப் போட்டிக்குப் பெர்சி ஃப்ளெட்சர் எழுதிய ‘லேபர் அண்ட் லவ்’ அங்கே ஒரு திருப்பம். 1928-இல் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் ‘எ மூர்சைடு சூட்’ எழுதினார். 1930-இல் எட்வர்டு எல்கர் ‘செவர்ன் சூட்’ எழுதி, அதைத் தம் நண்பர் பெர்னார்ட் ஷாவுக்குக் காணிக்கையாக்கினார்.

கேள்வி: பழைய குழுக்களின் வாத்தியங்களை மற்ற இசைக்குழுக்களோடு சேர்த்து வாசிக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். ஏன்?

பதில்: சுருதிச் சிக்கல். இன்று உலகெங்கும் ‘ஏ’ என்ற சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வுகள் என்பது பொது அளவு. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் அது ஏறத்தாழ 452 வரை ஏறியிருந்தது. வித்தியாசம் அரைச் சுரத்தில் பாதி. காதுக்குக் கசக்க அது தாராளமாகப் போதும். அந்த நூற்றாண்டின் இறுதியிலேயே பெரிய இசைக்குழுக்கள் கீழிறங்கிவிட்டன. 1920-களின் இறுதியில் இராணுவமும் இறங்கியது. ஊர்க் குழுக்கள் மட்டும் 1960-கள் வரை பழைய சுருதியிலேயே நின்றன. பிடிவாதம் என்று இதைச் சொல்வது நியாயமாகாது. சுருதியை மாற்றுவது என்றால் ஒரு வாத்தியத்தை மாற்றினால் போதாது, 25-ஐயும் ஒரே நாளில் மாற்றவேண்டும். பாட்டன் காலத்தில் தவணை கட்டி வாங்கியதை எல்லாம் ஒரே நாளில் கழிக்க எந்தப் பொருளாளர் துணிவார்? கடைசியில் வாத்தியம் செய்யும் பெரிய நிறுவனமே 1960-களின் நடுவில் உயர்சுருதி வாத்தியங்கள் செய்வதை நிறுத்தியதால் வேறு வழியில்லாமல் போயிற்று. சில குழுக்கள் குழாய்களை நீட்டி ஒட்டுப்போட்டுச் சமாளித்தன. பல மறுபடியும் உண்டியலைக் கையில் எடுத்தன.

கேள்வி: பழைய படங்களில் பெண்களே இல்லையே?

பதில்: இல்லைதான். பல குழுக்களில் பெண்களுக்கு இடமில்லை என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. தேநீர் விருந்தில் பலகாரம் செய்து நிதி சேர்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனபோது காலி நாற்காலிகள் கதவைத் திறந்தன. சுரங்கத் தொழிலாளியின் மகளான கிரேசி கோல் என்ற கார்னெட் கலைஞர், 1942-இல் அலெக்சாண்டர் ஓவன் நினைவு உதவித்தொகையை வென்ற முதல் பெண்ணானார்.

கேள்வி: சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்ட பிறகு குழுக்கள் எப்படிப் பிழைத்தன?

பதில்: எல்லாம் பிழைக்கவில்லை. யார்க்‌ஷயரின் கிரைம்தார்ப் சுரங்கக் குழு 1917-இல் தொடங்கியது. 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடும் திட்டத்தை அரசு அறிவித்தது. பட்டியலில் கிரைம்தார்ப்பும் இருந்தது. அடுத்த சில நாட்களில் அதே குழு ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் பரிசை வென்றது. 1993-இல் சுரங்கம் மூடப்பட்டது. குழு இன்றும் வாசிக்கிறது.

டர்ஹம் நகரில் 1871 முதல் சுரங்கத் தொழிலாளர் பெருவிழா நடந்துவருகிறது. ஒவ்வொரு சுரங்கத்தின் சங்கமும் தன் பட்டுக் கொடியைத் தூக்கிவரும்; கொடிக்குப் பின்னால் அதன் குழு வரும். சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், அந்த ஆண்டில் யாராவது சுரங்கத்தில் உயிரிழந்திருந்தால் கொடியின்மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி இயற்றிய ‘கிரெஸ்ஃபோர்டு’ என்ற மெட்டு அங்கே ஒலிக்கும். 1934 செப்டம்பர் 22 அன்று வேல்ஸின் கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் 266 பேர் மாண்டதன் நினைவாக எழுந்தது அது. டர்ஹம் பகுதியில் இப்போது ஒரு சுரங்கம்கூட இல்லை. கொடிகளும் குழுக்களும் தொடர்ந்து வருகின்றன.

பிழைத்தவற்றுக்கு இன்னொரு துணை, மான்செஸ்டருக்குக் கிழக்கேயுள்ள சாடில்வொர்த், டேம்சைடு ஊர்களில் 1884 முதல் பேர்பெற்ற விட் ஃபிரைடே மாலைப் போட்டி. பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அது. குழு பேருந்தில் வந்து இறங்கி, ஒரு மெட்டை வாசித்தபடி தெருவில் நடந்து, வட்டமாக நின்று இன்னொரு மெட்டை வாசிக்கும்; திரை மூடிய ஜன்னலுக்கோ நிறுத்தி வைத்த கேரவனுக்கோ உள்ளேயிருந்து நடுவர் கேட்டுக்கொண்டிருப்பார். வாசித்து முடித்ததும் வாத்தியத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓட்டம். அடுத்த ஊரில் வரிசை நீண்டுவிடக்கூடாது. தேசியப் பரிசு வென்ற குழுவும், பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகளாக உள்ள குழுவும் ஒரே தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை அங்கே காணலாம்.

கேள்வி: ஒரு குழுவின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் எதிலிருந்து தொடங்கவேண்டும்?

பதில்: பெரிய மத்தளத்தின் முகத்தில் எழுதியிருக்கும் தொடக்க ஆண்டிலிருந்து தொடங்கக்கூடாது. கலைந்து பத்தாண்டு கழித்து மீண்டும் கூடிய குழுவும், பக்கத்து ஊர்க் குழுவோடு இணைந்த குழுவும் இருப்பதில் பழைய ஆண்டையே எடுத்துக்கொள்வது வழக்கம். கூட்டக் குறிப்பேடு கிடைத்தால் நல்லது. ஆனால் அதில் சண்டைகள் மழுங்கியிருக்கும். வரவு செலவு நோட்டுதான் உண்மையைப் பேசும்: எந்த மாதம் தவணை தவறியது, எந்தக் கிறிஸ்துமஸில் வசூல் படுத்தது, போட்டிக்கு முந்தைய வாரம் ‘வெளியாள் செலவு’ என்று யாருக்குப் பணம் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன்பிறகு உள்ளூர்ச் செய்தித்தாள்களின் பழைய இதழ்களையும், 1887-இல் தொடங்கிய ‘பிரிட்டிஷ் பேண்ட்ஸ்மன்’ இதழையும் பார்க்கலாம்.

புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். கையிலிருப்பது சாவி வைத்ததா வால்வு வைத்ததா, கிளாரினெட் எங்காவது ஒளிந்திருக்கிறதா, எல்லோருக்கும் ஒரே சீருடையா அல்லது தொப்பி மட்டும்தானா என்பவை காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அலமாரியில் பழைய வாத்தியம் ஏதேனும் கிடந்தால் அதில் பொறித்திருக்கும் தயாரிப்பாளரின் பெயரையும் தொடர் எண்ணையும் குறித்துக்கொள்ளவேண்டும். பல தயாரிப்பாளர்களின் எண்களை வைத்துச் செய்த ஆண்டைக் கணிக்க முடியும். அந்த ஆண்டை வரவு செலவு நோட்டின் அதே ஆண்டோடு ஒப்பிட்டால், புதிதாக வாங்கியதா, வேறொரு குழு கழித்ததைப் பாதி விலைக்கு வாங்கியதா என்பதும் தெரிந்துவிடும்.